நெல்லும் எண்ணெயும் ஓய்வு நாளும்: பாகூர் வட்டாரக் கல்விச்சாலைகள்

இன்று நெல் வயல்களுக்கும் பெரிய ஏரிக்கும் பெயர்பெற்ற புதுச்சேரிப் பகுதிப் பாகூர், 9ஆம் நூற்றாண்டில் உயர்கல்விக்கும் பெயர்பெற்ற ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் ஐந்தும் அதற்குச் சான்று. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாயை ‘வாகூர்’ (பாகூர்) வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு ஒதுக்கிய ஆணை அது. 1879இல் வெளிச்சத்துக்கு வந்த ஏடுகள் பின்னர் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன.

தர்ம சாத்திரப்படி பிரம்மச்சாரி வீடு வீடாகப் பிச்சை எடுத்து உண்ண வேண்டும். அறக்கட்டளை வந்தபின் அந்த நிலை மாறியது. மாணவனின் சோறு நாழிக் கணக்கில் உறுதியானது. பாகூர்ச் செப்பேடு இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் சாலையில் உள்ள திருபுவனையில், முதலாம் இராஜாதிராஜனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1048) 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்கும் 72 வேலி நிலம் விடப்பட்டதைப் பதிவு செய்கிறது. வேதம், வேதாந்தம், வியாகரணம் ஆகியவற்றோடு ராமாயணம், பாரதம், மனு சாத்திரம் ஆகியவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது.

உணவு அளவை இன்னும் துல்லியமாகக் காட்டுவது விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் அங்கே 340 பேர் பயின்றனர். வேதமும் தொடக்க இலக்கணமும் ஓதிய 270 பேருக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த மேல்வகுப்பினர் 70 பேருக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. நெல்லே பணமாகப் புழங்கிய காலம் என்பதால், குத்திச் சமைத்தது போக மிஞ்சியது உப்பு, புளி, மோர், காய்கறிக்கு மாற்றாகியிருக்கும். இன்றைய ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையை நினைவூட்டுகிறது இந்தப் பத்து நாழி.

ஓய்வு நாளைப் பிறை தீர்மானித்தது. அட்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி, அமாவாசை நாள்களில் வேதம் ஓதக்கூடாது என்பது மனுவின் விதி; வழக்கில் பிரதமையும் சேர்ந்துகொண்டது. ஆகவே ஒவ்வொரு பட்சத்திலும் நடுவில் ஒரு நாளும், கடைசியில் சேர்ந்தாற்போல் மூன்று நாளும் கிடைத்தன. இடி இடித்தாலும், புழுதிக்காற்று அடித்தாலும், விருந்தாளி வந்தாலும் பாடம் நிற்கும். ஆனால் வியாகரணம் முதலான வேதாங்கங்களைப் படிப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது என்றும் அதே நூல் சொல்கிறது. பத்து நாழி வாங்கிய வியாகரண மாணவனுக்கு, விதிப்படி பார்த்தால், ஓய்வு குறைவு.

இன்பங்களில் சாத்திரம் கறாராகவே இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொள்வது, ஆடல், பாடல் மூன்றும் பிரம்மச்சாரிக்கு விலக்கு. ஆனால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு) வேறு விதமாகப் பேசுகிறது. அங்கே படித்த மாணவர்களுக்குச் சோற்றோடு படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைதோறும் தலை முழுக எண்ணெய் எல்லாம் ஒதுக்கப்பட்டன. 15 படுக்கை கொண்ட ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலையும் (மருத்துவமனை) அந்தக் கோயிலிலேயே இயங்கியது. நூல் மறுத்ததை ஊர் வழக்கம் கொடுத்தது. தமிழ்நாட்டு வெயிலில் வாரம் ஒரு முழுக்கைத் தடுக்க எந்த சாத்திரத்தாலும் முடிந்திருக்காது. ஆடல் பாடலும் தொலைவில் இல்லை: கல்விச்சாலைகள் பலவும் கோயிலைச் சார்ந்தே நடந்ததால், திருவிழாவின் இசையும் பிரசாதமும் மாணவர் காதுக்கும் கைக்கும் எட்டும் தூரத்திலேயே இருந்தன.

இந்தச் சோற்றையும் ஓய்வையும் அனுபவித்தவர்கள் பிராமண ஆண்கள் மட்டுமே. நெல்லை விளைவித்த குடிகளின் பிள்ளைகள் வேதம் ஓத முடியாது; அவர்களின் உழவுக்கு அட்டமியும் அமாவாசையும் இப்படி ஓய்வு தரவில்லை. பாகூரின் பெருமையைச் சொல்லும் எந்த வரலாறும் இதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டது.

பிறைக் கணக்கு விடுமுறை பின்னர் பல சாதிப் பிள்ளைகளும் படித்த திண்ணைப் பள்ளிகளுக்கும் வந்தது. அங்கே அதற்கு ‘வாவு’ என்று பெயர். ஆங்கில, பிரெஞ்சு முறைப் பள்ளிகள் வாரக் கணக்கைக் கொண்டுவந்த பிறகு வாவு மறைந்தது. வேதபாடசாலைகள் மட்டும் இன்றும் பிரதமையிலும் அட்டமியிலும் பாடத்தை நிறுத்துகின்றன.