நாய்க்கடியும் இழப்பீட்டு உரிமையும்: புதுச்சேரியில் யாரிடம், எப்படிக் கேட்பது?

நாய் கடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாக ஊசி போடுவார்கள் என்பது புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். கடிபட்டதற்காக நகராட்சியிடமோ நாயின் உரிமையாளரிடமோ இழப்பீடு கோரலாம் என்பது மிகச் சிலருக்கே தெரியும். 2025இல் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்ட தெருநாய் வழக்கு, தொலைக்காட்சிகளில் நாய் நேசர்களுக்கும் நாய் வெறுப்பாளர்களுக்கும் இடையிலான சண்டையாகக் காட்டப்பட்டது. விடியுமுன் துடைப்பத்துடன் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளரும், குப்பை அள்ளப்படாத சந்து வழியாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் சேரிக் குழந்தையும் அந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. சட்டத்தில் அவர்களுக்கு இடம் உண்டு. நாய்களைக் கொல்லச் சொல்லும் இடமன்று அது. கடமை தவறியவரிடம் பணம் கேட்கும் இடம்.

தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை, ஆகவே பொறுப்பாளியும் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதையும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதையும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்குகின்றன. அதற்கு முன் 2001ஆம் ஆண்டு விதிகளும் அதையே கூறின. இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலுள்ள ஒரு கடமையை நிறைவேற்றாமல் விட்டதன் விளைவே தெருவில் நிகழும் கடி. ‘நிதி இல்லை’ என்ற வழக்கமான பதிலுக்கு உச்ச நீதிமன்றம் 1980இலேயே ரத்லம் நகராட்சி வழக்கில் மறுமொழி கூறிவிட்டது: பொதுச் சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்க நிதிப் பற்றாக்குறை காரணமாகாது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு நேரடியாக இழப்பீடு தர வேண்டும் என்பதை 1993ஆம் ஆண்டின் நீலபதி பெஹேரா வழக்கு உறுதிப்படுத்தியது. அது காவல் மரணம் பற்றிய வழக்கு. ஆயினும் 21ஆம் பிரிவின் கீழ் எழும் எல்லா இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கும் இன்று அதுவே அடித்தளம்.

புதுச்சேரியில் இந்தப் பொறுப்பு எவ்வளவு எளிதாக மறைந்துபோகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1968க்குப் பிறகு இங்கு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்ததற்குப் பின் இன்றுவரை மீண்டும் தேர்தல் இல்லை. வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்று கேட்க வழியில்லை. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளானாலும், வில்லியனூர், அரியாங்குப்பம் போன்ற கொம்யூன் பஞ்சாயத்துகளானாலும், ஆணையரின் பெயருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை பெறுவதே ஒரே வழி. அந்த ஒப்புகைச் சீட்டுதான் பின்னாளில் நீதிமன்றத்தில் பேசும்.

எவ்வளவு கேட்கலாம்?

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 193 மனுக்களை ஒன்றாக விசாரித்த நீதிபதி வினோத் எஸ். பரத்வாஜ், 2023இல் அளித்த தீர்ப்பில் ஓர் அளவுகோலை வகுத்தார். நாய்க்கடியில் பதிந்த ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய். நான்கு பல் தடங்கள் என்றால் 40,000. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சதை போயிருந்தால் அதற்கு மட்டும் ஒரு இலட்சம். மாவட்டந்தோறும் துணை ஆணையர் தலைமையில் குழு அமைத்து, விண்ணப்பத்தை நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது தொகையன்று. இழப்பீட்டை முதலில் அரசு கொடுக்க வேண்டும், தவறிய துறையிடமோ தனியாரிடமோ பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற பகுதிதான் அது. யார் பொறுப்பு என்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டும் வரை பாதிக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டியதில்லை.

கேரளத்தில் வேறு பாதை. 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கடிபட்டவர்கள் வழக்கறிஞர் இல்லாமலேயே அக்குழுவிடம் விண்ணப்பிக்க முடிந்தது. இவ்விரு ஏற்பாடுகளும் அந்தந்த மாநிலங்களுக்கே உரியவை. பஞ்சாப் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலுச் சேர்க்கும், அவ்வளவே. ஆகவே புதுச்சேரியிலிருந்து செல்லும் ரிட் மனு இரண்டைக் கேட்கலாம்: பாதிக்கப்பட்டவருக்கு அந்த அளவுகோலின்படி தொகை, இங்கும் அப்படியொரு குழு.

வளர்ப்பு நாயானால்

உரிமையாளரின் அலட்சியத்தைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோது, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையான 289ஆம் பிரிவிலும் 336ஆம் பிரிவிலும் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்தச் சிறுமி பூங்காக் காவலாளியின் மகள். பூங்காதான் அவள் வீடு.

குற்ற வழக்கு தண்டனைக்கானது. இழப்பீட்டுக்கு உரிமையியல் வழக்கு வேண்டும். அதில் உரிமையாளரின் கவனக்குறைவையோ, நாய் கடிக்கும் இயல்புடையது என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதையோ காட்ட வேண்டும். ஆகவே, அதே நாய் முன்பு யாரையேனும் கடித்ததா என்று தெருவில் விசாரித்துச் சாட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். (1819இல் இங்கு நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு இவ்வளவு சுற்றவில்லை. நாய் தப்பி ஓடியிருந்தாலும் உரிமையாளரே பொறுப்பு என்று அதன் 1385ஆம் பிரிவு ஒரே வரியில் கூறிவிட்டது.)

நாயை வேண்டுமென்றே ஏவிவிட்டால் கதை வேறு. விலங்கைக் கொண்டு காயம் விளைவிப்பது 118ஆம் பிரிவின் குற்றம். ஏவியவர் பட்டியல் சாதியைச் சேராதவராகவும், கடிபட்டவர் பட்டியல் சாதியினர் என்று அறிந்தவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(விஏ) பிரிவையும் சேர்க்கக் கோர வேண்டும். அப்போது முன்ஜாமீன் இல்லை. அரசு நிவாரணம் தனியாகக் கிடைக்கும். காவல் நிலையங்கள் இதை ‘நாய்ச் சண்டை’ என்று சுருக்கிவிடப் பார்க்கும். 2010இல் அரியானாவின் மிர்ச்பூரில் தலித் குடியிருப்பு எரிக்கப்பட்டதும், தலித் ஒருவரின் நாய் சாதி இந்து இளைஞர்களைப் பார்த்துக் குரைத்ததிலிருந்து தொடங்கியதுதான்.

பணியில் கடிபட்ட தொழிலாளி

தூய்மைப் பணியாளருக்கு இன்னொரு உரிமையும் உண்டு. பணியின்போது, பணியின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த நெறி. இப்போது அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஒப்பந்ததாரரின் ஆள் என்று சொல்லி நகராட்சி கைகழுவ முடியாது. முதன்மை முதலாளியிடமே கோரலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்றவராயின் அதன் பயன்களைக் கோர வேண்டும். ஊசிக்காகப் போன நாள்களின் கூலி வெட்டப்படுவதைப் பலர் இழப்பாகவே எண்ணுவதில்லை. அதுவும் கணக்கில் சேர வேண்டியதே.

மருத்துவமனையிலேயே தொடங்கும் வழக்கு

முதலில் உயிர். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்; மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. தோலுக்குள் போடும் ஊசியாயின் 0, 3, 7, 28ஆம் நாள்களில் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடி மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்திலேயே செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலினும் தேவை. இதைக் கேட்டுப் பெறுங்கள். தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் எல்லா மருத்துவமனைகளிலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று ஆணையிட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும் அதே ஆணை சொல்கிறது. கல்லூரி வளாகத்தில் கடிபட்ட மாணவருக்கு அது நேரடி ஆதாரம். மருந்தில்லை என்று அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பினால், அதுவே தனியான உரிமை மீறல். அவசரச் சிகிச்சை மறுப்புக்கு 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியிருக்கிறது.

புறநோயாளிச் சீட்டில் ‘நாய்க்கடி’, கடியின் வகை, பல் தடங்களின் எண்ணிக்கை, காயத்தின் நீள அகலம், கடித்த இடம், நேரம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பல் தடத்துக்குத் தொகை என்ற அளவுகோல் இருக்கும்போது, எண்ணிக்கை எழுதப்படாத சீட்டு இழப்பீட்டைக் குறைத்துவிடும். கட்டுப் போடுமுன் ஒளிப்படம் எடுங்கள். கடித்த இடத்தின் எல்லையையும் உறுதிசெய்யுங்கள். முத்தியால்பேட்டைத் தாண்டியதும் கோட்டக்குப்பம். அது தமிழ்நாட்டின் நகராட்சி. தவறான நகராட்சிக்கு அனுப்பிய அறிவிப்பு மாதங்களை விழுங்கிவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலுத்தி, கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் நகராட்சி எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தது, எவ்வளவு செலவிட்டது, உங்கள் தெருவிலிருந்து வந்த புகார்கள் என்ன ஆயின என்று கேளுங்கள். 30 நாளில் வரும் பதிலும் சான்று, பதில் வராததும் சான்று.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வருமான வரம்பின்றி வழக்கறிஞரும் நீதிமன்றக் கட்டணமும் இலவசம். தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு இங்கு சாதிச் சான்று சிக்கலானது. அவர்கள் பெண், குழந்தை அல்லது குறைந்த வருமானம் என்ற அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். அழைக்க வேண்டிய எண் 15100. பொதுத் துப்புரவும் மருத்துவமனைச் சேவையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் என்பதால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தையும் கட்டணமின்றி அணுகலாம். அரசையும் எதிர்வாதியாக்கி உரிமையியல் வழக்குத் தொடுப்பதானால், இரண்டு மாத முன்னறிவிப்பு கட்டாயம். சட்டக் கடமையில் தவறியதற்கான வழக்கு ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று நகராட்சித் தரப்பு வாதிடக்கூடும். ஆகவே கடிபட்ட நாளிலிருந்து பத்து மாதங்களுக்குள் அறிவிப்பை அனுப்பிவிடுவது பாதுகாப்பு.