பதினாறாம் தெரு ரயில் நிலையம்

கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில், வுட் தெருவை ஒட்டி ஒரு பழைய ரயில் நிலையம் நிற்கிறது. 1912இல் திறக்கப்பட்ட இதற்குப் பதினாறாம் தெரு நிலையம் என்று பெயர். 1989ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்று, பின் கைவிடப்பட்டது. வீடற்ற கறுப்பின மக்களின் இருதய நோயைப் பற்றி எழுத வந்தவன் ரயில் நிலையத்தில் தொடங்குவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நோய் மருத்துவமனைக்கு வந்துசேர்வது கடைசியில்தான். அதற்கு முன் அது நெடுந்தொலைவு நடந்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது லூசியானாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் பல இந்த நிலையத்தில்தான் இறங்கின. அருகே ரிச்மண்டில் கைசரின் கப்பல் கட்டும் தளங்களில் வேலை காத்திருந்தது. அதற்கும் முன்பே புல்மன் ரயில்பெட்டிகளின் பணியாளர்கள் மேற்கு ஓக்லாண்டில் குடியேறியிருந்தனர். 1925இல் தோன்றிய அவர்களுடைய தொழிற்சங்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான சி.எல். டெல்லம்ஸ் இவ்வூரில் வாழ்ந்தவர். ஏழாம் தெருவில் கடைகளும் இசைக்கூடங்களும் பெருகின. 1940இல் நகர மக்கள்தொகையில் 3 சதவீதத்தைத் தொடாத கறுப்பின மக்கள், 1980இல் 47 சதவீதம்.

ஆனால் 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த வரைபடத்தில் மேற்கு ஓக்லாண்டுக்குச் சிவப்பு நிறம் தீட்டியிருந்தார்கள். கடன் கொடுக்கத் தகாத பகுதி என்று அதற்குப் பொருள். வீடு வாங்கக் கடனில்லை. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் கடனில்லை. வீடுகள் பாழாயின. பிறகு, பாழாகிவிட்டன என்பதையே காரணமாக்கி அவற்றை இடித்தார்கள். 1957இல் இரண்டடுக்கு சைப்ரஸ் நெடுஞ்சாலை குடியிருப்பை நடுவே பிளந்தது. தபால் துறைக் கட்டடத்துக்காக 1960 வாக்கில் வீடுகளை அகற்றியபோது பழைய ராணுவ டாங்கி ஒன்றையே பயன்படுத்தினார்கள். உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜ டாங்கிதான். இத்தனைக்கும் வைத்த பெயர் 'நகர்ப் புதுப்பிப்பு'. பின்னாளில் வாடகை ஏறிற்று. இன்று நகரில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே.

இந்த ஓக்லாண்டில்தான் 2013 முதல் மருத்துவர் மார்கோ குஷெலும் அவருடைய குழுவினரும் ஐம்பது வயது கடந்த வீடற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். முதலில் சேர்ந்த 350 பேரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். அவர்களுள் 44 சதவீதத்தினர் ஐம்பது வயதுக்குப் பிறகே முதன்முறையாக வீட்டை இழந்தவர்கள். நாம் கற்பனை செய்துகொள்ளும் 'நாடோடி'கள் அல்லர். வேலைக்குப் போய்க்கொண்டும் வாடகை கட்டிக்கொண்டும் இருந்தவர்கள். ஐம்பதுகளில் இருந்த இவர்களது உடல்நிலை, வீடுள்ளவர்களின் எழுபது எண்பது வயது உடல்நிலையை ஒத்திருந்தது. பின்னர் சேர்ந்தவர்களையும் கூட்டி மொத்தம் 450 பேரில் 2021 இறுதிக்குள் 117 பேர் இறந்துபோயினர். இருதய நோயால் 17 பேர், புற்றுநோயால் 17 பேர், போதைப்பொருள் மிகையால் 14 பேர். இறந்தவர்களின் வயதுகளில் நடுவானது 64.6.

தெருவில் இருதயம் எப்படிக் கெடுகிறது? பெரிய மர்மம் ஏதுமில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார், அதை விழுங்கியவர் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், கழிப்பறை இல்லை, ஆகவே விழுங்குவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் உணவில் உப்பை அளக்க முடியாது. உறக்கம் துண்டு துண்டானது. புகையிலை மலிவான துணை. கூடாரங்களை அப்புறப்படுத்தும்போது மாத்திரைகளும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

இங்கே நிறவேறுபாடு எந்த இடத்தில் நுழைகிறது என்பதில் கவனம் தேவை. பாஸ்டன் நகரில் 2003 முதல் 2008 வரை 28,033 வீடற்றவர்களை ஆராய்ந்தபோது, வெள்ளையரின் இறப்பு விகிதமே மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கறுப்பு உடலில் ஏதோ பிறவிக் குறை இருக்கிறது என்போர் இதற்கு விடை சொல்ல வேண்டும். 2005இல் கறுப்பினத்தவருக்கென்றே ஓர் இருதய மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது நினைவிருக்கலாம். நோயை நிறத்தில் தேடும் பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. வேறுபாடு பெரும்பாலும் தெருவுக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன்: அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமான கறுப்பினத்தவர், 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களில் 37 சதவீதம். எவர் தெருவுக்கு வருகிறார் என்பதைச் சிவப்பு வரைபடம் தீர்மானித்திருந்தது. வந்தவர்களிடம் தெரு பேதம் பார்ப்பதில்லை.

1989 நிலநடுக்கத்தில் சைப்ரஸ் நெடுஞ்சாலை இடிந்து 42 பேர் மாண்டனர். பழைய தடத்தில் அதை மீண்டும் கட்டக் கூடாதென மக்கள் போராடினர். புதிய சாலை மேற்கே தள்ளி, ரயில் நிலையத்தை ஒட்டியே 1997இல் திறக்கப்பட்டது. அதன் அடியிலும் வுட் தெருவிலும் வளர்ந்த கூடாரக் குடியிருப்பு, வட கலிஃபோர்னியாவிலேயே பெரியதாயிற்று. 2022 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்துத் துறை பெரும்பகுதியை அகற்றியது. மீதியை 2023 வசந்தத்தில் நகராட்சி அகற்றியது. அந்த நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டவிருப்பதாக நகராட்சி காரணம் சொன்னது.