கோரை எழுதிய மழைக் கணக்கு

உத்திரமேரூர்ப் பக்கம் ஏதாவது ஏரிக்கரையில் நடக்க நேர்ந்தால், ஒரு கோரைத் தண்டைப் பறித்து விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு வழுக்கி உருளும். கோரை பெரும்பாலும் மூன்று விளிம்புகளுடன் விரலை இடறும். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்குக் கோரைமேல் ஈடுபாடு வந்தது இந்த முப்பட்டகத்தால்தான்!

இவ்வூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்களைக் கூறுகின்றன. கோரை இவற்றுள் யார் பொறுப்போ! ஏரியோரத்தில் அது பாய்க்கு ஆகும். தோட்டத்தில் புகுந்தால் களை.

மேல்நாட்டாரோ கோரையை விரும்பித் தோட்டத்தில் வைக்கின்றனர். உயர்ந்த மலைகளில் விளையும் 'கேரெக்ஸ்' இனக் கோரைகளைக் கற்களின் இடுக்கில் நட்டு, அவற்றின் இலையழகை ரசிக்கின்றனர். நம்மூரில் அவை பிழைக்குமா? ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே நமக்கும் உதகைக்கும் 14 டிகிரி அளவுக்கு வேறுபாடு! சித்திரைப் பகலைப் போலவே சித்திரை இரவும் குளிர்மலைச் செடிக்குக் கேடு. பகலில் தயாரித்த உணவில் பெரும்பகுதியை அது புழுக்கமான இரவில் சுவாசித்தே செலவழித்துவிடும்.

நீலகிரியில் கேரெக்ஸ் இனங்கள் தாமாகவே வளர்கின்றன. அங்கே புல்வெளிகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் நீர் ஊறி நிற்கும் சதுப்புகள் உண்டு. கோரைக் குடும்பத்துச் செடிகளுக்கு அவை தாய்வீடு. 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்தபோது, அந்நிலத்தின் தாழ்ந்த பகுதியும் சதுப்பாகவே இருந்தது. அது வடிக்கப்பட்டுப் பூங்காவாயிற்று. அவரைக் குறை கூறுவதற்கில்லை. சதுப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

என்ன இருக்கிறது? தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் எளிதில் புகாது. குளிரும் சேர்வதால் மடிந்த செடிகள் முழுதும் மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்து கருமண்ணாகின்றன. இதற்குப் 'பீட்' என்று பெயர். இனி, காற்றிலுள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று, ஒரு நியூட்ரான் கூடுதலாகக் கொண்ட கார்பன்-13. குளிர்ச்சியும் ஈரமும் நாடும் செடிகள் பெரும்பாலும் 'சி-3' வகை. இவை அந்தக் கனத்த அணுவைப் பெரிதும் ஒதுக்கிவிடும். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் புற்கள் பலவும் கோரைகள் சிலவும் 'சி-4' வகை. இவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆகவே ஓர் அடுக்கில் கார்பன்-13 மிகுந்திருந்தால் அக்காலம் வறண்டது எனலாம். குறைந்திருந்தால் மழை மிகுந்தது எனலாம். அடுக்கின் வயதைக் கார்பன்-14 சொல்லும். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவது.

ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் நீலகிரிப் பீட்டை இம்முறையில் ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பனியூழி உச்சத்திலிருந்த சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் இங்கு மழை குன்றியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை ஓங்கியது. 5,000 ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் வறட்சி. உத்திரமேரூர்க் கல்வெட்டின் வயதோ 1,100 ஆண்டுகள்தாம்!

சதுப்பை வடித்தால் ஆக்சிஜன் உட்புகும். பீட் மட்கிக் கரியமில வாயுவாகி, அந்தப் பழைய கணக்கும் காற்றோடு போய்விடும். பயிருக்காக வடிக்கப்பட்டும் அணைகளில் மூழ்கியும் நீலகிரிச் சதுப்புகள் பல ஏற்கெனவே போய்விட்டன. எஞ்சிய மலைக்கோரைக்கு நாம் செய்யக்கூடிய பராமரிப்பு, அதன் நீரை வடிக்காமல் விடுவதே.

வீட்டில் ஒரு கோரை வேண்டுமென்பவர்களுக்குக் குடைக்கோரை இருக்கிறது. மடகாஸ்கர், ஆப்பிரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த செடி. நம் வெயிலுக்கு அஞ்சாது. ஓட்டையில்லாத தொட்டியில் களிமண் இட்டு நட்டு, வேர் எப்போதும் ஈரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கும் நீரில் இரண்டு சிறு மீன்களை விட்டால் கொசுத்தொல்லையும் இராது.