கப்பற் கிழங்கும் கொல்லைக் கிழங்கும்

கோலாலம்பூரில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் ஒன்றுசேரும் கூடலுக்கு அருகே, 1863-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய சிறிய பள்ளிவாசலே மஸ்ஜித் இந்தியா என்னும் வட்டாரத்துக்குப் பெயர் தந்தது. துணிக்கும் நகைக்கும் பூவுக்கும் பெயர்பெற்ற அத்தெருவின் வரலாற்றை எழுதுவோர் வணிகத்தைப் பற்றியே பெரிதும் எழுதுவர். அங்கு வாழ்ந்தோர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது, அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் கெடாதிருந்தது என்னும் வினாக்கள் அற்பமானவையாகத் தோன்றலாம். 1942-இல் அவை அற்பமானவையாக இருக்கவில்லை.

பள்ளிவாசல் வட்டாரத்திலிருந்து ஆற்றின் போக்கிலே தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் மத்தியச் சந்தை. 1888-இல் தோன்றிய அச்சந்தைக்கு இப்போதுள்ள கட்டடம் 1937-இல் அமைந்தது. நகர மக்களின் காய்கறியும் மீனும் இறைச்சியும் அரை நூற்றாண்டுக் காலம் அக்கூரையின் கீழே விலைபோயின. தமிழர் நாவில் அது 'பசார்' ஆயிற்று. நிறுத்தலளவை காத்திக் கணக்கு. ஒரு காத்தி ஏறக்குறைய 600 கிராம். தமிழகத்து வெள்ளிக்கோலைப் போன்றதே சீனக் கடைக்காரர் கையிலிருந்த 'டாச்சிங்'. கோல் நுனி நிமிர்கிறதா தாழ்கிறதா என்று கண்ணிமைக்காமல் பார்ப்பது அக்காலத்து இல்லத்தரசியின் முதற்கல்வி எனலாம். 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பிறகு காத்தி மெல்ல மெல்லக் கிலோவுக்கு இடம் கொடுத்தது.

அச்சந்தையில் கிடைத்த காய்கறிகளை இருவகைப்படுத்திக் காணலாம். கீரை, கத்தரி, பயற்றங்காய், வெண்டை முதலியன அண்மையிலுள்ள தோட்டங்களிலிருந்து அன்றாடம் வந்தவை. தாப்பாவிலிருந்து சாலை அமைந்த 1930-களுக்குப் பின், கேமரன் மலையின் முட்டைக்கோசும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வேறு வகை. அவை கடல் கடந்து வந்தவை.

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டுப் பயிர். இசுபானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர்; போர்த்துகீசியர் வழியே இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. நீலகிரியில் அதனைப் பயிரிடும் முயற்சி 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் தொடங்கியது. மலாய் மொழியில் 'கெந்தாங்' என வழங்கும் இதற்கு 'உபி பெங்காலா' என்னும் பெயரும் உண்டு. வங்கத்துக் கிழங்கு என்று பொருள்படும் அப்பெயர், வங்கக் கடல் வழியே நடந்த வாணிகத்தை நினைவூட்டுவதாகும். மலாயாவின் தாழ்நிலம் இப்பயிருக்கு ஒவ்வாத வெப்பமுடையது. ஆகவே கப்பல் வந்தால் கிழங்கு உண்டு; வராவிட்டால் இல்லை.

அயலிலிருந்து வந்த பொருளை நாள்பட வைத்துக் காப்பதும் ஒரு கலையே. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரமும் வெப்பமும் கிழங்கை விரைவில் முளைக்கவும் அழுகவும் செய்வன. அதனால் அதனைப் பிரம்புக் கூடையில், காற்றோட்டமுள்ள இருட்டு மூலையில் வைப்பர். வெங்காயத்தைப் பக்கத்தில் வைப்பதில்லை. ஒன்றன் ஈரம் மற்றதைக் கெடுக்கும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிச் சோலனின் என்னும் நஞ்சு மிகும். பச்சையையும் முளையையும் ஆழ அகழ்ந்தெறிய வேண்டும், மிகுதியாகப் பச்சைபிடித்த கிழங்கை அடியோடு விலக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த குளிர்ப்பெட்டி இக்கிழங்குக்கு உதவவில்லை என்பது வியப்புக்குரியது. மிகுந்த குளிரில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிவிடும். அத்தகைய கிழங்கு பொரிக்கும்போது கருகிக் கசக்கும். கூடையும் இருட்டு மூலையுமே சரி என்று பாட்டிமார் கண்டிருந்தது அறிவியலுக்கு முரணன்று.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் கப்பல் வரும் என்ற நம்பிக்கையின்மேல் நின்றவை. போருக்கு முன்னர் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே பெற்றது. 1941 டிசம்பரில் போர் மூண்டது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. இந்தியாவுடனான கடல்வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுப் பொருளாகி, அளவு குறைந்துகொண்டே போயிற்று. வாழைமர நோட்டு என மக்கள் எள்ளிய பணத்தை எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத பொருள்கள் பலவாயின.

புறநானூற்று 109-ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பைப் பாடுகிறார். மூவேந்தர் முற்றுகையிட்டும் அம்மலை தளராது. உழவர் உழாமலே விளைவன நான்கு அங்குண்டு என்பது அவர் காட்டும் காரணம். மூங்கில் நெல், பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கும் அந்நான்கில் ஒன்று. மலாயா முற்றுகைக்குள்ளானபோது தமிழரைத் தாங்கியதும் ஒரு கிழங்கே. அது மரவள்ளி. ஒப்புமை இவ்வளவில் நிற்பது. பறம்பின் வளம் இங்கில்லை.

கப்பற் கிழங்கைக் காக்கும் முறை மரவள்ளிக்குச் சிறிதும் பொருந்தாது. அகழ்ந்தெடுத்த இரண்டு மூன்று நாளில் அது நீலம்பாய்ந்து கெடும். அதற்குரிய களஞ்சியம் மண்ணே. வேண்டும்போது வேண்டிய அளவு பிடுங்க வேண்டும். அதிலுள்ள நஞ்சோ சோலனினைவிடக் கொடியது. தடித்த தோலை முற்றும் உரித்து, நறுக்கி, நீரில் ஊறவைத்து, மூடாத பானையில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் வகையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சீவிக் காயவைத்து இடித்தால் மாவாகும். அம்மாவில் புட்டு அவித்தனர். அதன் கொழுந்தையும் முருங்கைக் கீரையையும் சர்க்கரைவள்ளி இலையையும் வேகவைத்துக் கறியாக்கினர். எண்ணெய்க்குச் சிவந்த செம்பனை எண்ணெய்.

இவ்வித்தையில் தேர்ந்தவர் தோட்டப்புறத்தாரே. குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடத் தர வேண்டும் என்று போருக்கு முந்திய தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டத்தில் இருந்ததெல்லாம் மண்ணில் இருந்தது என்று கொள்வதற்கில்லை. எனினும் லயத்துக்குப் பின்னால் கொத்திப் பழகிய கைகள் அங்கு இருந்தன. சந்தையையே நம்பியிருந்த நகரத்துக் குடும்பமோ ஓடையோரத்திலும் வீட்டு முற்றத்திலும் முதன்முறையாக மண்வெட்டி பிடித்தது.

மரவள்ளி வயிற்றை நிரப்பியது, உடலைப் பேணவில்லை. புரதமும் உயிர்ச்சத்தும் குறைந்த உணவால் பெரிபெரியும் ஆறாப் புண்ணும் பரவின. சயாம்-பர்மா இரயில் பாதைக்கு ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்ட பின்னர், லயங்களில் எஞ்சிய பெண்டிரும் சிறுவரும் பட்ட பாட்டுக்கு ஒரு கொல்லைக் கிழங்கு எவ்வாறு ஈடாகும்? அது இல்லாதிருந்தால் மாண்டோர் தொகை இன்னும் பெருகியிருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

1945-இல் போர் ஓய்ந்தும் அரிசிப் பங்கீடு உடனே ஓயவில்லை. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு எட்டாதிருக்க, தோட்ட வாயில்களில் சோற்றுப் பொட்டலமும் சோதனைக்குள்ளாயிற்று. இதற்கிடையே கப்பல்கள் திரும்பின. 1926-இல் கடலேறிய 'ரஜூலா' 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாத் துறைகளுக்கும் இடையே ஓடியது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் மீண்டும் கூடைகளை நிறைத்தன. பிரட்டலிலும் கோழிக்கறியிலும், முஸ்லிம் கடைகளின் ரோஜாக்கிலும், கறிபாப்பின் உள்ளீட்டிலும் உருளைக்கிழங்கு தன் பழைய இடத்தைப் பிடித்தது. மத்தியச் சந்தை 1986-இல் கைவினைப் பொருள் அங்காடியாகிவிட்டது. காய்கறி வாங்குவோர் இப்போது சௌக்கிட்டுக்கும் செலாயாங் மொத்தச் சந்தைக்கும் செல்கின்றனர். மஸ்ஜித் இந்தியாவின் பலகாரக் கடைகளில் உருளைக்கிழங்குக் கறிபாப்பும் மரவள்ளிச் சீவலும் பக்கத்தில் பக்கத்தில் விற்கின்றன. போர்க்காலத்தைக் கண்ட முதியோருள் பலர், இருந்தவரை அந்தச் சீவலைக் கையால் தொட்டதில்லை.