ஞாயிற்றின் ஒளிமகுடமும் மின்சாரக் கொள்கையும்

1871 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள். கார்த்திகை மாதம் முடியுந் தறுவாய். அன்று காலை மட்டக்களப்பு வாவிக்கு மேலே ஞாயிறு பிறைபோலத் தேய்ந்தது. அவ்வூருக்கு வடக்கே, அதே கீழைக்கரையிலுள்ள திருக்கோணமலையில், அது முற்றாக மறைந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிட நேரமே நிலைத்த அவ்விருளுக்காக இங்கிலாந்திலிருந்து ஆராய்ச்சியாளர் கடல் கடந்து வந்திருந்தனர். திருக்கோணமலைப் பகுதியில் நிறமாலை காட்டியுடன் காத்திருந்தவர் ஹென்றி நாட்டிட்ஜ் மோஸ்லி என்பார்.

அவர்கள் காண விழைந்தது கிரகண வேளையில் ஞாயிற்றைச் சூழ்ந்து தோன்றும் வெண்ணிற ஒளிமகுடம். ஈராண்டுக்கு முன், 1869 இல், அமெரிக்க வானியலறிஞர் சார்ள்ஸ் யங் அதன் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டிருந்தார். அக்கோடு அக்காலத்தார் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. வடமுனைச் சோதியிலும் அத்தகைய கோடு உண்டெனக் கருதிய யங், ஒளிமகுடமும் ஓயாது ஒளிரும் ஒரு முனைச்சோதியே, மின்னால் விளைவதே என்று எண்ணத் தலைப்பட்டார். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் மின்சாரம் பாய்ந்து ஒளிர்வதை ஆய்வுக்கூடங்களில் கண்டு வியந்த காலம் அது. ஆதலின் அவ்வெண்ணம் பலரைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் அதே கிரகணத்தை நீலகிரியிலிருந்து நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் ஒளிமகுடத்தில் ஞாயிற்றொளிக்குரிய கருங்கோடுகளையும் கண்டார். அவ்வொளியில் ஒரு பகுதி ஞாயிற்றிலிருந்து வந்து சிதறிய ஒளியே என்பது புலனாயிற்று. பச்சைக் கோடோ விளங்காது நின்றது. அதற்குக் 'கொரோனியம்' என்றொரு புதுத் தனிமத்தைக் கற்பித்து அமைதி கொண்டனர். பெயரிட்டதனாலேயே பொருள் விளங்கிவிட்டதாக எண்ணும் வழக்கம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு போலும்!

விடை வர எழுபது ஆண்டுகள் சென்றன. ஜெர்மனியின் குரோற்றியான் 1939 இல் வழி காட்ட, சுவீடனின் எட்லேன் அக்கோடு இரும்பின் கோடே என்று நிறுவினார். இரும்பணுவின் 26 இலத்திரன்களில் 13 நீங்கிய நிலையில் அது தோன்றுகிறது. அணுவெண்ணுக்கு 1913 இல் உறுதியான அடிப்படை அமைத்தவர், திருக்கோணமலையில் காத்திருந்த மோஸ்லியின் மகன் ஹென்றி மோஸ்லி என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

அவ்வாறு இலத்திரன்கள் நீங்கப் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஞாயிற்றின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகையே. இம்முரணிடத்தே மின்சாரக் கொள்கை வேறு வடிவிற் புகுந்தது. மின் கடத்தும் வாயுவில் காந்தப்புலத்தின் வழியே அலைகள் செல்லுமென 1942 இல் அல்வேன் எழுதினார். 1970 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அவ்வலைகளே ஒளிமகுடத்தைச் சூடேற்றுகின்றனவா என்ற ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

பின்னர் வந்த சிலர், ஞாயிறு எரிவதே புறத்திலிருந்து பாயும் மின்னோட்டத்தால் என்றனர். ஞாயிற்றின் அகட்டில் நிகழும் அணுப்பிணைப்பால் வரவேண்டிய நியூத்திரினோத் துகள்களில் மூன்றிலொரு பங்கே அமெரிக்கச் சுரங்கமொன்றில் அகப்பட்டது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. எஞ்சியவை வழியில் வகைமாறி வருகின்றன என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வுக்கூடம் 2002 இல் காட்டியதும் அவ்வாதம் தளர்ந்தது.

2019 டிசம்பர் 26 இல் வாவிக்கு மேலே ஞாயிறு மீண்டும் தேய்ந்தது. திருக்கோணமலையில் வளையமாய் நின்றது. கங்கண கிரகணமாதலின் ஒளிமகுடம் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.