கண்மாய் யாருக்குச் சொந்தம்?

கண்மாய்னா ஊர்ப் பொதுன்னுதான நினைக்கிறோம்? ராமநாதபுரத்தில் ரொம்ப காலம் அப்படி இல்லை.

1803-ல் கம்பெனி சேதுபதி சீமையை ஜமீன் ஆக்குச்சு. மழைத் தண்ணியையும் வைகைத் தண்ணியையும் தேக்குற மண்கரைகள் ஜமீன் சொத்தாச்சு. கரையை மராமத்து பண்ண வேண்டியவர் ஜமீன்தார். அது உடைஞ்சா நெல்லை இழக்குறவர் குடியானவர். சிக்கலே அங்கதான்.

1908-ல் வந்த எஸ்டேட் நிலச் சட்டம், மராமத்து கேட்டு குடியானவங்க கலெக்டரிடம் மனு போட வழி செஞ்சுது. 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் கண்மாய்கள் அரசாங்கத்துக்கு வந்துச்சு.

சொந்தக்காரர் மாறிட்டார். ஆனா வரத்துக்கால் தூர்ந்தா, மடை உடைஞ்சா, முதல்ல காயுறது இன்னைக்கும் அதே வயல்தான். அடுத்த தடவை ராமேஸ்வரம் ரயில்ல போறப்போ ஜன்னல் வழியா நீளமா ஒரு மண்மேடு தெரிஞ்சா, கொஞ்சம் உத்துப் பாருங்க.