பழைய மகிழுந்தும் பால்மரக் காடும்

ஆசிரியர் நண்பர்களே, பெற்றோர்களே, இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் ஆங்கிலேயரின் விளையாட்டு மகிழுந்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். போர்டிக்சன் வட்டாரத் தோட்டம் ஒன்றில், பால்மரம் வெட்டிய பெற்றோருக்குப் பிறந்தவன் நான். 1972ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. வண்டி ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணி வருகிறேன். அந்த வண்டியின் மீது கொண்ட அன்பு என்னை எங்கெங்கோ அழைத்துச் சென்று, இறுதியில் என் பாட்டியின் வரலாற்றின் முன் நிறுத்தியது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

மரமும் சக்கரமும்

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று காண்போரிடமெல்லாம் வற்புறுத்தியதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார்.

அதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' மகிழுந்து வெளிவந்தது. 1927இல் அதன் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அத்தனை வண்டிகளுக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு மரம் வேண்டும். மரத்தை வெட்டக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தன.

எண்ணிப் பாருங்கள். மகிழுந்து என்னும் பொருள் உலகில் தோன்றியிராவிட்டால், சிலியாவிலும் லின்சத்திலும் சுவா பெத்தோங்கிலும் சுங்காலாவிலும் தமிழர் இத்தனை பேர் குடியேறியிருக்க மாட்டார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளுள் பலவும் அங்கே எழுந்திருக்கமாட்டா. சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் இடையே 1891இல் திறக்கப்பட்ட இருப்புப் பாதையும், அதனை ஒட்டிச் சென்ற சாலையும், ஈயத்திற்குப் பின் ரப்பர் சுமந்த வழிகளாயின. நம் வரலாறு மகிழுந்தின் சக்கரத்தோடு பிணைந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

துரையின் வண்டி, கிராணியின் வண்டி

ஆனால், அந்த வண்டி நமக்கு உரியதாக இருக்கவில்லை. தோட்டத்தில் யாரிடம் என்ன வண்டி இருக்கிறது என்பதே அவரவர் நிலையைச் சொல்லிவிடும். துரைக்கு மகிழுந்து உண்டு. கிராணியாரும் டிரஸரும் சேமித்து, காலப்போக்கில் ஒரு மோரிஸ் மைனரோ ஆஸ்டினோ வாங்கினர். கங்காணிக்குச் சைக்கிள். பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கால்கள். விடியுமுன் பெரட்டுக்கு நடந்து, அங்கிருந்து நிரைக்கு நடந்து, பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு மீண்டும் கொட்டகைக்கு நடந்தவர்கள் அவர்கள்.

இதில் ஒரு செய்தியைப் பிற்காலத்தில்தான் அறிந்துகொண்டேன். கிராணியாரின் மோரிஸ் மைனரும் இளந்துரைமார் விரும்பிய எம்.ஜி. வண்டியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எம்.ஜி. என்பது 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டு நகரில் வில்லியம் மோரிஸ் நடத்திய விற்பனை நிலையத்தில் மேலாளராக இருந்த செசில் கிம்பர் 1920களில் விளையாட்டு வண்டிகளை உருவாக்கத் தொடங்கினார். 1929 முதல் அபிங்டன் என்னும் சிற்றூரில் அதற்கெனத் தனித் தொழிற்சாலை இயங்கியது. 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனர், பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் மகிழுந்தாயிற்று. எம்.ஜி.பி. 1962இல் வந்தது. 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகள் செய்யப்பட்டன.

என் வண்டி

2009ஆம் ஆண்டில் சிரம்பானில் ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் இந்த வண்டியைக் கண்டேன். பச்சை நிறம் வெளிறியிருந்தது. துணிக்கூரை கிழிந்திருந்தது. இருக்கைக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு படித்த நண்பர், "இந்தப் பணத்திற்கு ஓடுகிற புரோட்டோன் ஒன்று வாங்கலாமே!" என்றார். அவர் சொன்னது கணக்குப்படி சரிதான். அன்புக்கு அந்தக் கணக்குப் பொருந்துவதில்லை.

அதைச் சீர்செய்ய மூன்று ஆண்டுகள் ஆயின. லுக்குட்டில் பட்டறை வைத்திருந்த சீனப் பெரியவர் ஒருவர் இளமையில் இத்தகைய வண்டிகளைப் பழுது பார்த்தவர். நான்கு சிலிண்டர், 1,798 சி.சி. இயந்திரம். அதற்கு இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். அவர் ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் காற்றொலியையும் கேட்டுச் சரிப்படுத்துவார். மருத்துவர் நெஞ்சொலி கேட்பதைப் போலிருக்கும். இருக்கைகளுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் இரண்டு ஆறு வோல்ட் மின்கலங்களைக் கண்டு என் மகன் வியந்தான். கடற்கரை ஊரின் உப்புக்காற்று இவ்வண்டிக்குப் பகை. கதவுக்கு அடியில் உள்ள இரும்புப் பட்டைகள் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போய்விடும். ஆகவே அவற்றை முழுவதும் வெட்டியெடுத்துப் புதியன வைத்தோம். 1988 முதல் இவ்வண்டியின் முழு உடற்கூட்டையே இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியிருந்தனர். விரும்பிக் காப்போர் இருந்தால் மறைந்த பொருளும் மீண்டும் பிறக்கும் என்பதற்கு அது சான்று.

வண்டி ஓடத் தொடங்கிய பின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு லுக்குட், சிலியாவ், மம்பாவ் வழியாகச் சிரம்பானுக்குப் பழைய சாலையில் சென்றேன். கூரையை மடித்திருந்தேன். துரைமார் வைத்திருந்த வண்டியைப் போன்ற ஒன்றில் ஏறுவதற்கு அவர் தயங்குவார் என்று எண்ணினேன். அவர் ஏறுமுன் குனிந்து, டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "இதுக்குத்தான்டா அந்தக் காலத்துல அவ்வளவு பால் எடுத்தோம்" என்றார். வழியெங்கும் செம்பனை மரங்கள். இந்த இடத்தில் இன்ன நிரை, அந்த மேட்டில் பால் கொட்டகை, அதோ ஆயாக்கொட்டகை என்று, இல்லாதவற்றை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னவை, அதற்கு முன் முப்பது ஆண்டுகளில் சொல்லாதவை.

இங்கிலாந்திலிருந்து வந்த சான்றிதழ்

பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்போர் பலரும் செய்யும் ஒன்றை நானும் செய்தேன். இங்கிலாந்தின் கேடன் என்னும் ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் உள்ளது. பழைய தொழிற்சாலைகளின் உற்பத்திப் பதிவேடுகள் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. வண்டியின் அடிச்சட்ட எண்ணையும் உரிய கட்டணத்தையும் அனுப்பினால், பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்றிதழ் வழங்குவார்கள். சில வாரங்களில் எனக்கும் வந்தது. வண்டி செய்யப்பட்ட நாள், தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாள், முதலில் பூசப்பட்ட நிறம், இருக்கை உறையின் நிறம், இயந்திர எண், எந்த நாட்டிற்கு அனுப்பப்பட்டது என்பது வரை அதில் இருந்தது.

அதை மகிழ்ச்சியோடு வீட்டில் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "ஒரு காடிக்கு இவ்வளவு எழுதி வச்சிருக்காங்களா? உங்க பாட்டிக்கு எதுவுமே இல்லையே" என்றார். குறை சொல்லும் தொனியில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை.

என் பாட்டி குழந்தையாகத் தாயின் இடுப்பில் கப்பலில் வந்தவர். எந்தக் கப்பல், எந்த நாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய அடையாள அட்டையில் இருந்த பிறந்த நாள், பதிவு செய்ய வந்த ஓர் அலுவலர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியது என்பார்கள். ஊர்ப் பெயர் ஒன்று மட்டும் வாய்வழியாக வந்தது. அதே பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உள்ளன. 1972இல் பிறந்த இரும்பு வண்டிக்குப் பிறந்த நாள் உண்டு. அதன் டயருக்குப் பால் கொடுத்த தலைமுறைக்கு இல்லை.

பெயர் இழந்தவர்கள்

இது என் குடும்பத்தின் கதை மட்டுமன்று. தொழிலாளர்களைக் கணக்கில் வைக்க ஏற்பாடுகள் இருக்கவே செய்தன. 1907இல் இந்தியத் தொழிலாளர் குடியேற்றத்திற்கென நிதி ஒன்று உருவாக்கப்பட்டு, கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடை செய்தது. அதுவரை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் முகாம்களில் தங்கவைத்து, எண்ணித்தான் கப்பலேற்றினர். தோட்டத்திலும் செக்ரோலில் நாள்தோறும் பெயர் எழுதினர். ஆயினும் அவை வேலைக்கான கணக்குகள். தோட்டங்கள் கைமாறியபோது அந்தப் பதிவேடுகளுள் பல எங்கே போயின என்று கேட்பாரில்லை.

இன்னும் கொடிய எடுத்துக்காட்டு சயாம் மரண இரயில் பாதை. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு மாண்ட போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு அவ்வாறான பெயர்க் கற்கள் இல்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதே இன்றும் மதிப்பீடுதான்.

பின்னர் ரப்பர் குறைந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. லயங்கள் இடிந்தன. மக்கள் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பெயர்ந்தனர். மாறும்போது தூக்கிச் செல்ல முடிந்ததை எடுத்துக்கொண்டனர். நினைவுகளை எழுதி வைக்க எவருக்கும் நேரமில்லை.

வகுப்பறையில் செய்தது

இதன் பின் என் வகுப்பில் ஒரு சிறு முயற்சி மேற்கொண்டேன். தொடக்கப்பள்ளியில் 2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அப்பாடத்தை ஒட்டி, மாணவர்களுக்கு என் வண்டியின் சான்றிதழைக் காட்டினேன். ஒவ்வொரு வரியையும் படித்தோம். "இதைப் போல உங்கள் வீட்டின் மிக மூத்தவருக்கு ஒரு சான்றிதழ் எழுதி வாருங்கள்" என்றேன். கேள்விகள் ஐந்து. எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? யார் அழைத்து வந்தார்கள்? முதலில் எந்தத் தோட்டம்? என்ன வேலை செய்தார்கள்? தோட்டத்தை விட்டு எப்போது, ஏன் வெளியேறினார்கள்?

இரண்டு வாரங்களில் தாள்கள் வந்தன. சில தாள்களில் மூன்று வரிகளே இருந்தன. ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டியின் பால்வெட்டு உளியைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். கைப்பிடி தேய்ந்து விரல் பதிந்திருந்தது. ஒரு மாணவன் பழைய சிவப்பு அடையாள அட்டையின் நகலைக் கொண்டு வந்து, அது ஏன் சிவப்பு என்று கேட்டான். குடியுரிமை பற்றி அன்று நடந்த பாடத்தை எந்தப் பயிற்றியும் எனக்குத் தந்ததில்லை. ஒரு தந்தை பள்ளிக்கு வந்து, தம் அப்பாவோடு அமர்ந்து இவ்வளவு நேரம் பேசியது இதுவே முதன்முறை என்று கூறிச் சென்றார்.

ஆசிரியர்களே, இதற்குப் பழைய வண்டி எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் ஐந்து கேள்விகளும் போதும். பெற்றோர்களே, உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர் ஒருவர் இருப்பின், வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அவர் அருகே அமர வையுங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணியின் பெயர், கப்பலின் பெயர் என்று தெரிந்த அளவு எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, தாளின் அடியில் அன்றைய தேதியையும் இடுங்கள்.

என் வண்டிக்கு உதிரிப் பாகங்கள் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அதன் பதிவேடும் கேடனில் பத்திரமாக இருக்கும். நம் மூத்தோரின் நினைவுக்கு அத்தகைய காப்பகம் எதுவும் இல்லை. பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டியவற்றை இப்போது அப்பாவிடம் கேட்டு எழுதி வருகிறேன். அவருக்கு 78 வயது. வாரம் ஒரு பக்கம் சேர்கிறது.